அருவியும் அருவுருவமும்

சீசன் நாளில் குற்றாலம் பேரருவிக்கு எதிரே நிற்பவர்கள் இரண்டு வகை. தலையில் எண்ணெய் வழிய, குளிக்க முறை பார்த்து நிற்பவர்கள் ஒரு வகை. செல்போனைப் பாலிதீன் கவருக்குள் போட்டுக்கொண்டு, சாரல் சற்றே விலகும் அந்த அரை நிமிடத்துக்காகக் காத்திருப்பவர்கள் இன்னொரு வகை. இரண்டாவது வகையினர் எடுக்கும் படங்கள் பெரும்பாலும் ஒன்றுபோலவே இருக்கும். நடுவில் வெள்ளைக் கோடு, இரு பக்கமும் கருத்த பாறை, கீழே தலைகள்.

ஆனால் அந்த வெள்ளைக் கோட்டைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்க்க வேண்டும். பேரருவியின் தண்ணீர் மேலிருந்து நேராகத் தரைக்கு வருவதில்லை. நடுவழியில் பொங்குமாகடல் என்ற பாறைப் பள்ளத்துக்குள் விழுகிறது. அங்கே சுழன்று, பொங்கி, வெளியே தள்ளிக்கொண்டு அகலமாக இறங்குகிறது. கேமராவின் ஷட்டரை நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்குக்கு வைத்து அந்த இடத்தை எடுத்தால், ஒவ்வொரு துளியும் உடைந்த கண்ணாடிச் சில்லாக அந்தரத்தில் நிற்கும். அரை நொடிக்கு வைத்தால் துளிகள் மறைந்து பஞ்சுத் திரிகளாகும். கேமராவை ஸ்டாண்டில் பூட்டி, லென்சின் முன் ஒளியைக் குறைக்கும் கருப்புக் கண்ணாடியைப் போட்டு முப்பது நொடி திறந்துவைத்தால், அருவியே இருக்காது. பாறைமேல் புகை படிந்திருக்கும். மூன்றும் பேரருவிதான். மூன்றுமே நேர்மையாக எடுத்த படங்கள். ஆனால் மூன்றில் எதையும் மனிதக் கண் நேரில் கண்டதில்லை.

புகைப்படத்திலிருந்து அரூப ஓவியத்துக்குப் போகும் பாதை இந்த இடத்தில்தான் பிரிகிறது. புகைப்படம், கணினி, ஒலி, அச்சு என்று பல ஊடகங்களைக் கலந்து செய்யும் அரூபக் கலை மேலை நாட்டுச் சரக்கு என்றும், பெருநகர கேலரிகளின் சமாச்சாரம் என்றும் நினைப்பு உண்டு. தென்காசியிலிருந்து ஐந்து கிலோமீட்டர் வந்தால் அந்த நினைப்பு நிற்காது.

குற்றாலநாதர் கோயிலின் தலபுராணம் ஓர் உருமாற்றத்தின் கதை. சங்கு வடிவில் கட்டப்பட்ட இந்தக் கோயில் முன்பு திருமால் கோயிலாக இருந்தது என்றும், அகத்தியர் வந்து, நின்ற கோலத்தில் இருந்த திருமேனியின் தலையில் கைவைத்து அழுத்திக் குறுக்கி லிங்கமாக்கினார் என்றும் சொல்வார்கள். அழுத்திய அழுத்தில் இறைவனுக்குத் தலைவலி வந்ததாம். அதற்காக மூலிகைத் தைலம் சாத்தும் வழக்கம் இன்றும் இருக்கிறது. முகமும் கையும் ஆயுதமும் கொண்ட ஓர் உருவம், ஒரு கையழுத்தத்தில் முகமற்ற வடிவமாகிறது. சைவம் லிங்கத்துக்கு வைத்திருக்கும் பெயர் அருவுருவம். உருவமும் அல்ல, அருவமும் அல்ல; இரண்டுக்கும் நடுவே நிற்பது. புகைப்படத்தில் பிறந்து, அடையாளங்களை உதிர்த்துவிட்டு, ஆனாலும் பிறந்த இடத்தின் ஒளியைக் கைவிடாமல் நிற்கும் கலைக்கு இதைவிடப் பொருத்தமான சொல்லைத் தேடி வெளியூர் போக வேண்டியதில்லை.

கோயிலிலிருந்து கொஞ்ச தூரத்தில் சித்திர சபை இருக்கிறது. நடராசரின் ஐந்து சபைகளில் சிதம்பரம் பொன், மதுரை வெள்ளி, திருநெல்வேலி செம்பு, திருவாலங்காடு ரத்தினம். குற்றாலத்துக்கு வாய்த்தது ஓவியம். மற்ற இடங்களில் சிலையாக ஆடுகிறவர் இங்கே சுவரில் வண்ணமாக ஆடுகிறார். மூலிகை வண்ணங்களில் தீட்டிய சுவரோவியங்களுக்கு நடுவே படமே தெய்வமாகப் பூசை பெறுகிறது. ஆடும் ஒன்றை அசையாத பரப்பில் எப்படி நிறுத்துவது என்ற கேள்வி, முப்பது நொடி ஷட்டரைத் திறந்துவைத்திருப்பவருக்கும் அந்தச் சுவரில் தூரிகை வைத்தவருக்கும் ஒன்றுதான்.

லென்சும் கையும் கலந்து படம் செய்வதும் இந்த மலைத் தொடருக்குப் பழைய சங்கதி. தாமஸ் டேனியல், அவருடைய உடன்பிறந்தவர் மகன் வில்லியம் டேனியல் என்ற ஆங்கிலேய ஓவியர்கள் 1792-ல் தென்னாட்டுப் பயணம் வந்தவர்கள். இதே மலைத் தொடரிலுள்ள பாபநாசம் அருவியை வரைந்தார்கள். புகைப்படம் பிறப்பதற்கு அரை நூற்றாண்டு முந்திய காலம் அது. ஆனாலும் இந்தியப் பயணத்தில் அவர்கள் கையில் கேமரா அப்ஸ்க்யூரா இருந்தது: லென்ஸ் வழியே காட்சியைத் தாளில் விழச்செய்து, அந்த ஒளியின் மேல் கோடு இழுக்கும் பெட்டி. ஊர் திரும்பிய பிறகு செப்புத் தகட்டில் அமிலத்தால் அரித்து, அச்சிட்டு, கையால் வண்ணம் பூசி 'ஓரியண்டல் சீனரி' என்ற தொகுப்பாக 144 படங்களை வெளியிட்டார்கள். லென்ஸ், பென்சில், அமிலம், அச்சு, தூரிகை. பாபநாசத்துத் தண்ணீர் ஐந்து ஊடகங்களைத் தாண்டித்தான் லண்டன் பார்வைக்கு வந்தது.

அடுத்து வந்தவர் லின்னேயஸ் ட்ரைப். மதராஸ் அரசாங்கத்தின் புகைப்படக்காரராக 1857 கடைசியிலும் 1858-லும் ஸ்ரீரங்கம், தஞ்சாவூர், மதுரை என்று மாட்டுவண்டிகளில் கருவிகளை ஏற்றிக்கொண்டு திரிந்தவர். அவருக்கு வானம் பெரிய தொல்லை. அக்காலத்துக் காகித நெகட்டிவ் நீல ஒளியை அளவுக்கு மீறிக் குடித்துவிடும். கோபுரம் ஒழுங்காக விழுந்தால் வானம் வெளுத்துப் போகும். ட்ரைப் என்ன செய்தார் தெரியுமா? நெகட்டிவின் மேலேயே வண்ணம் தொட்டு மேகங்களை வரைந்தார். மரங்களின் இலைத்திரளையும் திருத்தினார். அரசாங்க ஆவணம் என்று நாம் நம்பிப் பார்க்கும் படங்களில் மிதக்கும் மேகங்கள் பல அவர் விரல் நுனியில் பிறந்தவை. தஞ்சைப் பெரிய கோயிலின் அடித்தளத்தைச் சுற்றி ஓடும் கல்வெட்டைத் துண்டு துண்டாக எடுத்து, 21 அச்சுகளை ஒட்டி, ஏறக்குறைய 19 அடி நீளத்துக்கு ஒரே படமாக்கியவரும் அவரே. இன்று செல்போன் 'பனோரமா' என்று ஒரு விரலசைவில் செய்வதை, கத்தரிக்கோலும் பசையும் வைத்துச் செய்தார்.

ஸ்டுடியோக்கள் வந்தபின் இந்தக் கைவேலை தெருவுக்குத் தெரு பரவியது. நெகட்டிவில் பென்சிலால் 'டச்சிங்' பார்ப்பது, கருப்பு வெள்ளைப் படத்துக்கு வண்ணம் ஏற்றுவது, இறந்துபோன தாத்தாவைத் தனிப் படத்திலிருந்து வெட்டி எடுத்துப் பாட்டி பக்கத்தில் உட்காரவைப்பது எல்லாம் ஸ்டுடியோக்காரரின் அன்றாடம். கோவில்பட்டியில் வந்து தங்கிய சி.கொண்டையராஜு (1898–1976) மதராஸ் ஓவியப் பள்ளியில் படித்தவர். நாடகக் கம்பெனிக்குத் திரைச்சீலை எழுதியவர். அவரும் சீடர்களும் தெய்வக் காலண்டர்களோடு போட்டோ ஸ்டுடியோ வேலையும் பார்த்தார்கள். அந்தக் காலண்டர்களை அடித்துத் தள்ளியது சிவகாசி. தென்மாவட்டத்து வீட்டுச் சுவர்களில் தொங்கிய முருகனையும் லட்சுமியையும் எழுதிய அதே கைகள் ஸ்டுடியோவில் புகைப்படத்தையும் தொட்டன. எது போட்டோ, எது ஓவியம் என்று இங்கே யாரும் கறாராக வேலி போட்டதில்லை.

அதே காலத்தில் கடலுக்கு அந்தப் பக்கம் கொழும்பில் லயனல் வென்ட் (1900–1944) இன்னும் துணிந்து போனார். சட்டம் படித்தவர், தேர்ந்த பியானோ கலைஞர். இருட்டறையில் இரண்டு மூன்று நெகட்டிவ்களை ஒன்றன்மேல் ஒன்று வைத்து ஒரே காகிதத்தில் அச்செடுத்தார். கழுவும்போது நடுவில் வெளிச்சத்தைப் பாய்ச்சி நிழலையும் ஒளியையும் இடம் மாற வைத்தார். தென்னையும் தோணியும் மீனவரும் அவர் படங்களில் பாதி கனவாக எழுந்து வருவார்கள். இலங்கை நவீன ஓவியத்தின் '43 குழு' உருவாகக் காரணமாக இருந்தவரும் அவரே. நம் பக்கத்துக் கலைப் பள்ளிகளில் மேலை நாட்டுப் புகைப்படக் கலைஞர் மான் ரேயைப் பற்றிப் பேசும் நேரத்தில் பாதியையாவது வென்டுக்குக் கொடுக்க வேண்டும்.

மேற்கே நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 1917-ல் ஆல்வின் லாங்டன் கோபர்ன் மூன்று கண்ணாடிகளை முக்கோணமாகக் கட்டி, அவற்றின் வழியே படமெடுத்து, பொருளே அடையாளம் தெரியாத புகைப்படங்களை லண்டனில் காட்டினார். 1957-ல் அமெரிக்காவில் ரசல் கிர்ஷ் தன் கைக்குழந்தையின் படத்தைக் கணினிக்குள் ஏற்றினார். 176-க்கு 176, மொத்தம் 30,976 புள்ளிகள். இன்று சாதாரணமாகப் புழங்கும் 24 மெகாபிக்சல் கேமராவில் ஒரு படத்துக்கு இரண்டு கோடியே நாற்பது லட்சம் புள்ளிகள். 1990-ல் போட்டோஷாப் கடைக்கு வந்தது. 1994-ல் அதில் 'லேயர்' என்ற வசதி சேர்ந்தது. வென்ட் இருட்டறையில் அடுக்கியதை வெளிச்சத்தில் அடுக்கலாம், பிடிக்காவிட்டால் பிரித்துவிடலாம் என்றானது அதற்குப் பிறகுதான்.

இந்தியாவில் இந்த வசதியை ஆழமாகப் பயன்படுத்திய படைப்பு ஒன்றைச் சொல்ல வேண்டுமானால், விவான் சுந்தரம் 2001, 2002-ல் செய்த 'ரீடேக் ஆஃப் அம்ரிதா' வரிசை. தாத்தா உம்ராவ் சிங் எடுத்த குடும்பப் படங்களையும் பெரியம்மா அம்ரிதா ஷெர்கிலின் உருவங்களையும் கணினியில் கலந்து, ஒருபோதும் ஒன்றாக நின்றிராதவர்களை ஒரே அறையில் நிற்கவைத்தார். தாத்தாவையும் பாட்டியையும் சேர்த்து ஒட்டிய நம்மூர் ஸ்டுடியோக்காரரின் அதே ஏக்கம் அதில் இருக்கிறது. மட்டாஞ்சேரியில் பிறந்து திருவண்ணாமலையில் இயங்கிய அபுல் கலாம் ஆசாத் நெகட்டிவைக் கீறியும் கிறுக்கியும் படத்துக்கு இன்னொரு தோல் போர்த்தினார். ஓவியத்தின் பக்கமிருந்து வந்தவர்களும் உண்டு. கே.சி.எஸ்.பணிக்கர் 1960-களில் எழுத்தையும் கட்டத்தையும் குறியையும் ஓவியமாக்கினார், கே.எம்.ஆதிமூலம் வண்ண வெளிகளுக்குள் போனார். கணினியைத் தூரிகையாகப் பிடித்த முதல் தமிழ் ஓவியர்களில் ஒருவர் ட்ராட்ஸ்கி மருது. ஆதிமூலத்தின் கோட்டையும் மருதுவின் குதிரையையும் பத்திரிகைப் பக்கங்களில் பார்த்து வளர்ந்த வாசகருக்கு அரூபம் அந்நியமாகத் தோன்ற வேண்டிய காரணமே இல்லை.

சரி, செய்வது எப்படி?

குற்றாலத்தின் இன்னோர் அருவியான ஐந்தருவிக்குப் போவோம். கேமராவை ஸ்டாண்டில் இறுக்கிப் பூட்டிவிட்டு, அசைக்காமல், காலை முதல் மாலை வரை இடைவெளி விட்டு நூறு படங்கள் எடுக்க வேண்டும். லென்சைத் துடைக்க உலர்ந்த துணி நாலைந்து வேண்டும். இரண்டு படத்துக்கு ஒருமுறை சாரல் வந்து உட்கார்ந்துவிடும். நூறையும் கணினியில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்குங்கள். இனி நடப்பதெல்லாம் கணக்கு. ஆனால் கண்ணீர் வரவழைக்கக்கூடிய கணக்கு.

ஒவ்வொரு புள்ளிக்கும் நூறு படத்தின் சராசரியை எடுக்கச் சொன்னால், ஒரே ஒரு படத்தில் மட்டும் நின்று போனவர் நூறில் ஒரு பங்காகக் கரைந்துவிடுவார். கைப்பிடிக் கம்பி கூர்மையாக நிற்கும், பாறை நிற்கும், தண்ணீர் பனியாகும். மனிதர்கள் இருந்த இடத்தில் வெதுவெதுப்பான ஒரு பழுப்பு நிறம் தங்கும். சராசரிக்குப் பதில் நடு எண்ணை எடுக்கச் சொன்னால் அந்தப் பழுப்பும் போய்விடும். ஒவ்வோர் இடமும் பாதிக்கு மேற்பட்ட படங்களில் காலியாக இருந்தால், சீசன் கூட்டத்துக்கு நடுவே எடுத்த படத்தில் ஆளே இல்லாத ஐந்தருவி கிடைக்கும். 'லைட்டன்' என்ற முறையில் கலந்தால், ஒவ்வொரு இடத்திலும் நூறில் எது அதிக வெளிச்சமோ அது மட்டும் மிஞ்சும்: அன்றைக்குத் தெறித்த வெள்ளை நூல்கள் அத்தனையும் ஒரே நேரத்தில் தெறித்து நிற்கும். 'டார்க்கன்' இதற்கு நேர் எதிர். இருண்டதுதான் மிஞ்சும். வெள்ளைத் தண்ணீருக்கு முன்னால் இருண்டது எது? நனைந்த தலைகள். காலையில் வந்த தலை, மதியம் வந்த தலை, அப்பன் தோளில் இருந்த குழந்தையின் தலை, எல்லாம் ஒன்றையொன்று தள்ளாமல், வரிசைக்குச் சண்டை போடாமல், ஒரே அருவிக்குக் கீழே கருத்த மேகமாகக் கூடியிருக்கும். ஒரு பகல் முழுக்கக் குளித்த ஊர் ஒரே சட்டத்துக்குள் வந்துவிடும். எந்தத் தனிப் புகைப்படத்தாலும் இதைக் காட்ட முடியாது. ஆனால் அதிலுள்ள ஒவ்வொரு புள்ளியும் ஏதோ ஒரு புகைப்படத்தில் உண்மையாக விழுந்த புள்ளி.

இன்னொரு வழியும் உண்டு. அருவியை ஒரு நிமிடம் வீடியோ எடுத்தால், நொடிக்கு 25 சட்டம் வீதம் 1,500 சட்டங்கள். ஒவ்வொன்றிலும் ஒரே இடத்திலிருந்து, ஒரு புள்ளி அகலத்துக்கு ஒரு செங்குத்துக் கீற்றை மட்டும் உருவி, வரிசையாகப் பக்கத்தில் பக்கத்தில் ஒட்டுங்கள். இப்போது படத்தின் இடது ஓரம் முதல் நொடி, வலது ஓரம் அறுபதாவது நொடி. அசையாத பாறை நீளக் கோடுகளாக, ஜமுக்காளத்துப் பட்டை மாதிரி ஓடும். அசையும் தண்ணீர் மட்டும் நெசவுக்குள் நெசவாகப் பின்னிக்கொள்ளும். காற்று ஒருமுறை திரும்பியது எந்த நொடி என்று அந்தத் துணியில் தொட்டுக் காட்டலாம்.

ஒலியையும் படமாக்கலாம். பதிவு செய்த சத்தத்தை, கீழே தாழ்ந்த சுருதி, மேலே உயர்ந்த சுருதி என்று கணினி விரித்துக் காட்டும். பேரருவியின் இரைச்சலில் ஏறக்குறைய எல்லாச் சுருதியும் கலந்திருப்பதால் அது இடைவெளியில்லாத மணற்பரப்பாக விழும். கோயில் பக்கம் நடந்து வந்து நாகஸ்வரத்தைப் பதிந்தால், ஏணிப்படிகள்போல ஒன்றன்மேல் ஒன்றாகக் கோடுகள் எழும்பி, கமகம் வரும் இடத்தில் எல்லாப் படிகளும் சேர்ந்து நெளியும். இந்த இரண்டு பரப்பையும் ஒன்றின்மேல் ஒன்று போட்டால் கிடைப்பதுதான் பல்லூடகம் என்ற சொல்லுக்குச் சரியான பொருள்.

கேமராவே இல்லாமலும் தொடங்கலாம். குற்றாலத்துச் சாலையோரம் விற்கும் மங்குஸ்தான் பழம் ஒன்று, கம்ப்யூட்டர் சென்டரில் இருக்கும் சாதா ஸ்கேனர் ஒன்று போதும். கண்ணாடிமேல் சுத்தமான பிளாஸ்டிக் தாள் விரித்து (அதன் தோலில் ஊறும் கறை லேசில் போகாது), பழத்தை அடிப்பக்கம் கீழாக வைத்து, மூடியைத் திறந்தபடியே, அறை விளக்கை அணைத்து ஸ்கேன் செய்ய வேண்டும். கண்ணாடியைத் தொடும் இடம் மட்டும் மயிரிழைக் கூர்மையோடு வரும்; விலகும் இடமெல்லாம் இருட்டுக்குள் போகும். அடியில் சின்னப் பூப்போல ஒரு முத்திரை இருக்கும். அதில் எத்தனை இதழோ, உள்ளே அத்தனை சுளை. நூறு மடங்கு பெரிதாக்கிப் பார்த்தால் அது பழமும் அல்ல, பூவும் அல்ல. கோபுரத்தின் தரைப்படம் மாதிரி இருக்கும்.

இதில் ஒரு விஷயத்தைக் கண்டிப்பாகச் சொல்லியாக வேண்டும். அருவியில் குளிப்பவர்களை, குறிப்பாகப் பெண்களை, கேட்காமல் படமெடுப்பது தவறு. முகம் தெரியாமல் கரைத்துவிடுவேன், கலைக்காகத்தான் எடுத்தேன் என்பதெல்லாம் எடுத்த பிறகு சொல்லும் சமாதானம். கரைவதற்கு முந்திய நூறு படமும் ஒருவர் கணினியில் இருக்கிறதே. தூரத்தில், முகம் விழாத தொலைவில் நிற்கலாம். கூட்டம் இல்லாத வேளையில் தண்ணீரை மட்டும் எடுக்கலாம். தெரிந்தவர்களிடம் சொல்லிவிட்டு நிற்கவைக்கலாம். அதேபோல, அடுக்கிச் செய்த படத்தை அடுக்கிச் செய்தது என்று கீழே எழுதிவைப்பதும் மரியாதை. ட்ரைப்பின் மேகத்தை நம்பிய நம் கண்கள் அந்த அளவு நேர்மைக்கு உரிமை உள்ளவை.

சொல்லைத் தட்டினால் படம் கக்கும் செயலிகள் வந்துவிட்ட காலம் இது. அவற்றில் அருவி வரும், அழகாகவே வரும். ஆனால் அந்தப் படத்தில் ஐந்தருவியின் வெளிச்சம் ஒரு துளியும் விழுந்திருக்காது. டார்க்கன் படத்திலுள்ள கருத்த மேகத்துக்கு மதிப்பு வருவதே, அந்தத் தலைகள் அன்றைக்கு அங்கே நனைந்தன என்பதால்தான். கருவியைக் குறை சொல்லிப் பயனில்லை. எதிலிருந்து தொடங்குகிறோம் என்பதுதான் பேச்சு.

கைகள் தென்காசியில் தாராளமாக இருக்கின்றன. கல்யாண ஆல்பத்துக்கு இரவோடு இரவாகப் பின்னணி மாற்றித் தருகிறவரும், ஃபிளெக்ஸ் பேனரில் ஐம்பது தலைகளை முடி பிசிறாமல் வெட்டி ஒட்டி, பின்னால் சிங்கமும் தீப்பிழம்பும் வைக்கிறவரும் செய்வது லேயர் வேலைதான். மாஸ்க், கலப்பு முறை, வண்ணத் திருத்தம் எல்லாம் அவர்களுக்கு விரல் பாடம். சொந்தமாக ஒரு படம் செய்யச் சொல்லி அவர்களை இதுவரை யாரும் கேட்டதில்லை என்பதுதான் குறை. சென்னையில் 2016 முதல் புகைப்படத்துக்கென்றே பினாலே என்ற கலைவிழா நடக்கிறது. பழைய தமிழ் ஸ்டுடியோப் படங்களைத் தேடிச் சேர்க்கும் வேலை புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனத்தில் நடந்திருக்கிறது. பொதிகை அடிவாரத்துக்கும் அப்படிப் படம் மாட்ட ஒரு சுவர் வேண்டும். கவிதையை நாலு பேர் கூடி நிதானமாக ரசிப்பதை ஒரு வாழ்முறையாகவே ஆக்கிய ரசிகமணி டி.கே.சி. வாழ்ந்த ஊர் குற்றாலம். கூடிப் பார்ப்பதற்கு இங்கே பழக்கம் இல்லை என்று யாரும் சொல்ல முடியாது.

தென்காசிக்கு அருகே சுந்தரபாண்டியபுரத்துப் பக்கம் ஒரு பாறை இருக்கிறது. 2005-ல் வந்த 'அந்நியன்' படத்தின் பாட்டுக்காக அதன்மேல் பெரிய பெரிய நடிக முகங்களை வரைந்தார்கள். படம் வந்து போய் இத்தனை வருடமாகியும் ஊர்க்காரர்கள் அதை அந்நியன் பாறை என்றே சொல்கிறார்கள். சூரியகாந்தி பார்க்க வருகிறவர்கள் அதையும் பார்த்துவிட்டுப் போகிறார்கள். வெயிலும் மழையும் அந்த முகங்களை மெல்ல மெல்ல வெறும் வண்ணத் திட்டுகளாக மாற்றிக்கொண்டிருக்கின்றன. வருடத்துக்கு ஒரு படம், ஒரே இடத்தில் நின்று யாராவது எடுத்து வந்தால், உருவம் அருவமாவதை அடுக்கடுக்காகக் காட்டும் வரிசை ஒன்று கிடைக்கும்.

கடைசி வேலை அச்சு. திரையில் பார்க்கும் வெள்ளை வேறு, காகிதத்தில் வரும் வெள்ளை வேறு. திரையில் வெள்ளை என்பது மூன்று விளக்கும் முழுதாக எரிவது. ஆஃப்செட்டில் வெள்ளை மை கிடையாது. நீலம், மெஜந்தா, மஞ்சள், கருப்பு என்ற நான்கும் படாமல் விட்ட இடம்தான் வெள்ளை. முப்பது நொடிப் பேரருவியை அப்படியே அச்சுக்கு அனுப்பினால் நடுவில் காகிதம் கிழிந்த மாதிரி ஓர் ஓட்டை தெரியும். அதனால் அருவி முழுவதற்கும் இரண்டு மூன்று சதவீதம் நீலப் புள்ளி விட்டுவைப்பார்கள். பார்க்கிற கண்ணுக்கு அது தெரியாது, ஆனால் தண்ணீருக்கு உடம்பு வந்துவிடும். பொங்குமாகடலில் தண்ணீர் விழுந்து திரும்புகிற அந்தக் கையகல இடத்தில் மட்டும் அந்தப் புள்ளியையும் எடுத்துவிட்டு, வெறுங்காகிதமாக விடலாம்.